பெரிய ஹார்ட் டிஸ்க்கில் ஓஎஸ் ஏற மாட்டேன் என்கிறதா? அக்காவின் டிப்ஸ்

புதிதாக 4 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டியாகிவிட்டது. விண்டோஸ் போடலாம் என்று உட்கார்ந்தால், இந்த டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்ய முடியாது என்று திரை கைவிரிக்கிறது. சிலருக்கு 4 டிபிக்குப் பணம் கொடுத்தும் 2 டிபிதான் பயன்படுத்தக் கிடைக்கிறது. இன்னும் சிலருக்கு எல்லாம் நல்லபடியாக ஏறி முடிந்து, ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரையில் ஒற்றை வரி வந்து நின்றுவிடுகிறது. உடனே "டிஸ்க் போச்சு" என்று முடிவு கட்டிவிடாதே தம்பி. தங்கச்சி, நீயும் கேட்டுக்கொள்.

இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலும் டிஸ்க்கில் ஒரு குறையும் இருக்காது. மதர்போர்டு, டிஸ்க், இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவ் மூன்றும் ஒரே முறைக்கு வரவில்லை என்பதுதான் கோளாறாக இருக்கும். மூன்றில் எது ஒத்துவரவில்லை என்று தெரியும் வரை எதையும் அழிக்காதே, ஃபார்மட் செய்யாதே. அக்கா சொல்ல வருவதன் சாரம் இதுதான். மீதியெல்லாம் அதைக் கண்டுபிடிக்கும் வழிகள்.

தகராறின் வேர் எங்கே?

எந்த பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற விவரம் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஓர் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கும். எம்பிஆர் என்ற பழைய அட்டவணை 1983-ல் ஐபிஎம் பிசிக்கான டாஸ் 2.0-வோடு வந்தது. இடத்தைக் குறிக்க அதில் 32 பிட் எண்தான் உண்டு. ஒரு செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் சுமார் 2.2 டிபி வரும். விண்டோஸ் அதையே 2048 ஜிபி என்று காட்டும். அதற்கு அப்பால் இருக்கும் இடத்தைச் சுட்ட அந்த அட்டவணையில் எண்ணே கிடையாது. எம்பிஆர் போட்ட டிஸ்க் 4 டிபி ஆனாலும் 8 டிபி ஆனாலும் மீதி இடம் சும்மாதான் கிடக்கும்.

அடுத்து வந்தது ஜிபிடி. அதில் 64 பிட் எண். நம் வீட்டுக்கு வரும் எந்த டிஸ்க்குக்கும் அது தாராளம். எம்பிஆரில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் போடலாம்; விண்டோஸில் ஜிபிடி போட்டால் 128 வரை போடலாம். அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும் என்பதால், முன்பக்கம் கெட்டாலும் மீட்க வழி உண்டு.

ஆனால் விண்டோஸ் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆக வேண்டுமானால், மதர்போர்டு பழைய பயாஸ் முறையில் இல்லாமல் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் இயங்க வேண்டும். பயாஸுக்கு எம்பிஆர், யூஇஎஃப்ஐக்கு ஜிபிடி, இதுதான் ஜோடி. மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் பிராட் கேஜ் ரயில் ஓடாது. ரயிலிலும் பழுதில்லை, தண்டவாளத்திலும் பழுதில்லை. இங்கேயும் அதே கதைதான்.

கம்ப்யூட்டர் உலகத்துக்கு இந்த மாதிரிச் சுவர்கள் புதிதில்லை. 504 எம்பி, 8.4 ஜிபி, 137 ஜிபி என்று ஒவ்வொரு காலத்திலும் ஒன்று குறுக்கே நின்றது. 137 ஜிபியைத் தாண்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2002-ல் வந்த சர்வீஸ் பேக் 1 தேவைப்பட்டது. 2010-ல் 3 டிபி டிஸ்க்குகள் கடைக்கு வந்ததும் இந்த 2.2 டிபி சுவர் வீடுவரை வந்துவிட்டது.

கை வைக்கும் முன் ஐந்து வேலை

1. பேக்கப் எடு. பழைய டிஸ்க்கில் இருக்கும் போட்டோ, சான்றிதழ், படிப்பு ஃபைல் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு மாற்று. மாற்றியபின் நான்கைந்து ஃபைலைத் திறந்து பார். ஃபோல்டர் பெயர் தெரிகிறது என்பதை நம்பி விட்டுவிடாதே.

2. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா பார். இப்போதைய லேப்டாப்களில் அது நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கலாம். பயாஸ் செட்டிங்கைத் தொட்டதும் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து, முதலிலேயே ஒரு தாளில் எழுதி வை.

3. விண்டோஸ் போடப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிடு. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இதில் இரண்டு லாபம். தப்பான டிஸ்க்கை அழிக்க வாய்ப்பே இருக்காது. விண்டோஸும் தன் பூட் ஃபைல்களைக் கொண்டுபோய் வேறொரு டிஸ்க்கில் வைக்காது. அப்படி வைத்துவிட்டால், பின்னால் அந்த டிஸ்க்கைக் கழற்றும் நாளில் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது.

4. டிஸ்க்கின் உடம்பைப் பரிசோதி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ரீஅலொகேட்டட் செக்டார், கரண்ட் பெண்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளைப் பார். மதிப்பு பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் ஓஎஸ் போடாதே. வாரண்டி இருந்தால் மாற்றிவிடு. அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி எரர் என்ற வரி மட்டும் ஏறினால் முதலில் சாட்டா கேபிளைச் சந்தேகப்படு. கேபிளை மாற்றியபின் அந்த எண் குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

5. கரண்டை உறுதி செய்துகொள். டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ், லேப்டாப்புக்கு சார்ஜர். பார்ட்டிஷன் அட்டவணை எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

எண்ணைப் பார்த்தே நோயைச் சொல்லலாம்

டிஸ்க் தயாரிப்பாளர்கள் 1 டிபியை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-ன் மடங்கில் கணக்கிடுகிறது. அதனால் 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும், 2 டிபி 1863 ஜிபி என்றும், 4 டிபி 3726 ஜிபி என்றும் தெரியும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதே.

கவனிக்க வேண்டிய எண்கள் வேறு. 4 டிபி டிஸ்க், இன்ஸ்டால் திரையில் 2048 ஜிபி ஒரு துண்டு, 1678 ஜிபி இன்னொரு துண்டு என்று இரண்டாக உடைந்து, இரண்டாவதைத் தொட விடவில்லை என்றால் டிஸ்க் எம்பிஆரில் இருக்கிறது. 3 டிபி டிஸ்க்கில் அதே நிலைமை 2048, 746 என்று வரும்.

3 டிபி டிஸ்க் மொத்தமே 746 ஜிபி என்று தெரிந்தால் அது வேறு நோய். நடுவில் இருக்கும் பழைய ஸ்டோரேஜ் டிரைவரோ யூஎஸ்பி பெட்டியோ 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாமல், மீண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறது. டிரைவரைப் புதுப்பித்தோ பெட்டியை மாற்றியோதான் இதைச் சரி செய்ய வேண்டும். அந்த நிலையிலேயே டிஸ்க்கை ஃபார்மட் செய்து டேட்டா எழுத ஆரம்பித்துவிடாதே.

திரை என்ன சொல்கிறது, நீ என்ன செய்ய வேண்டும்

*டிஸ்க் எம்பிஆரில் இருக்கிறது, இஎஃப்ஐ கம்ப்யூட்டரில் ஜிபிடி டிஸ்க்தான் வேண்டும் என்று வந்தால்:* பென் டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்கிறது. டிஸ்க் மட்டும் பழைய முறையில் நிற்கிறது. டிஸ்க் காலி என்றால் ஜிபிடிக்கு மாற்று. டேட்டா இருந்தால் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன், அதைப் படித்துவிட்டுச் செய்.

*டிஸ்க் ஜிபிடி முறையில் இருக்கிறது, இதில் போட முடியாது என்று வந்தால்:* நிலைமை தலைகீழ். டிஸ்க் சரியாக இருக்கிறது. நீதான் பென் டிரைவைப் பழைய முறையில் பூட் செய்திருக்கிறாய். டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். ரீஸ்டார்ட் செய்து பூட் மெனுவுக்குப் போ. கம்பெனிக்கு ஏற்ப எஃப்12, எஃப்11, எஃப்9, எஸ்கேப் என்று கீ மாறும். அங்கே ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியலாம். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இந்த ஒரு தேர்வு தெரியாமல் டிஸ்க்கை முழுக்க அழித்து எம்பிஆராக மாற்றுகிறவர்கள் நிறைய. 4 டிபி டிஸ்க்கில் அப்படிச் செய்தால் பாதி இடத்தை நீயே பூட்டிவிடுகிறாய்.

*டிஸ்க்கே தெரியவில்லை என்றால்:* இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் என்விஎம்இ எஸ்எஸ்டி, விஎம்டி என்ற வசதியின் பின்னால் இருக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலரிடம் அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் பட்டியல் காலியாக வரும். லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உன் மாடலுக்கு உரிய இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்த ஃபோல்டராகப் பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் திரையில் லோட் டிரைவர் என்பதை அழுத்திக் காட்டு. டிஸ்க் வந்து நிற்கும். பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்தும் பார்க்கலாம். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் அதை ஆஃப் செய்தால் அந்த விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

*புது பார்ட்டிஷனை உருவாக்க முடியவில்லை என்று வந்தால்:* மற்ற பென் டிரைவ், மெமரி கார்டு, எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி முயன்று பார். எந்த டிஸ்க்கில் பூட் ஃபைல் எழுதுவது என்று இன்ஸ்டாலர் குழம்பும்போது இது வரும்.

*0எக்ஸ்80070570 என்ற எண்ணோடு நடுவில் நின்றால்:* இன்ஸ்டால் ஃபைல் ஒன்றைச் சரியாகப் படிக்க முடியவில்லை. பெரும்பாலும் ஐஎஸ்ஓ ஃபைல் முழுமையாக இறங்கியிருக்காது, அல்லது பென் டிரைவ் கெட்டிருக்கும். வேறு பென் டிரைவில் புதிதாகத் தயாரித்துப் பார். அப்போதும் வந்தால் ராமைச் சோதி.

டிஸ்க்பார்ட்: நிதானமாக நான்கு வரி

காலி டிஸ்க்கை ஜிபிடியாக மாற்ற இன்ஸ்டால் திரையிலேயே ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்து. சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கறுப்பு ஜன்னல் திறக்கும். கீழே உள்ள கமாண்டுகளைப் படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீ ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்.

முதலில் "டிஸ்க்பார்ட்" என்று தட்டி என்டர். பிறகு "லிஸ்ட் டிஸ்க்". இப்போது வரும் பட்டியலில் கொஞ்சம் கண்ணை நிறுத்து. இடது ஓரம் டிஸ்க் 0, டிஸ்க் 1, டிஸ்க் 2 என்று இருக்கும். நடுவில் அளவு: ஒன்றில் 3726 ஜிபி, ஒன்றில் 238 ஜிபி, ஒன்றில் 28 ஜிபி என்று வைத்துக்கொள். 3726 உன் புது 4 டிபி, 238 உன் 256 ஜிபி எஸ்எஸ்டி, 28 கையில் இருக்கும் 32 ஜிபி பென் டிரைவ். வலது ஓரம் ஜிபிடி என்ற பத்தி. அதில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அந்த டிஸ்க் ஏற்கெனவே ஜிபிடி. இல்லாவிட்டால் எம்பிஆர், அல்லது இன்னும் எதுவும் எழுதாத புது டிஸ்க்.

பென் டிரைவும் இந்தப் பட்டியலில் ஒரு டிஸ்க்தான் என்பதை மறக்காதே. கேபிளை மாற்றினாலும் ரீஸ்டார்ட் செய்தாலும் எண் மாறலாம். நேற்று டிஸ்க் 1 என்று இருந்தது இன்று டிஸ்க் 0 ஆக இருக்கலாம். எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு தட்டாதே. ஒவ்வொரு முறையும் அளவைப் பார்த்து, அந்த வரியின் எண்ணை எடு.

"செலக்ட் டிஸ்க்" என்று தட்டி அந்த எண்ணைப் போடு. மறுபடியும் "லிஸ்ட் டிஸ்க்" கொடு. தேர்வான டிஸ்க்கின் முன்னால் நட்சத்திரம் நிற்கும். அது நீ நினைத்த டிஸ்க்தானா என்று வாய்விட்டுப் படித்துப் பார். பிறகுதான் "கிளீன்". இந்த ஒரு சொல் அந்த டிஸ்க்கின் மொத்த அட்டவணையையும் நொடியில் எடுத்துவிடும். நிச்சயமாகவா என்று கேட்கவும் கேட்காது. கடைசியாக "கன்வர்ட் ஜிபிடி". இரண்டு முறை "எக்ஸிட்" கொடுத்து ஜன்னலை மூடு. இன்ஸ்டால் திரையில் ரிஃப்ரெஷ் அழுத்தினால் 3726 ஜிபியும் ஒரே காலி இடமாகத் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடு. தேவையான சின்ன பார்ட்டிஷன்களை விண்டோஸ் தானே போட்டுக்கொள்ளும்.

"கிளீன் ஆல்" என்று ஒன்று உண்டு. அது டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபிக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். டிஸ்க்கை வேறொருவருக்கு விற்கும்போது அது பயன்படும். இன்ஸ்டாலுக்கு வெறும் "கிளீன்" போதும்.

கை தவறித் தப்பான டிஸ்க்கில் "கிளீன்" கொடுத்துவிட்டால் அங்கேயே நிறுத்து. அதில் ஒரு பைட் கூடப் புதிதாக எழுதாதே. அட்டவணைதான் போயிருக்கிறது, ஃபைல்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் பழைய பார்ட்டிஷன்களைத் தேடித் தரும். உயிருக்குச் சமமான டேட்டா என்றால் நீயே முயற்சி செய்யாமல் டேட்டா ரிக்கவரி தெரிந்தவரிடம் கொண்டு போ.

டேட்டாவை அழிக்காமல் மாற்ற

விண்டோஸ் ஏற்கெனவே எம்பிஆர் டிஸ்க்கில் ஓடுகிறது, மதர்போர்டுக்கு யூஇஎஃப்ஐ தெரியும் என்றால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10-ன் 2017 பதிப்பான 1703-லிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை மைக்ரோசாஃப்டே கூட வைத்திருக்கிறது. அதில் "வேலிடேட்" என்ற சோதனையை முதலில் ஓட்டு. டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தாலோ எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ முடியாது என்று சொல்லிவிடும். பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் செய்.

மாற்றி முடித்ததும் அடுத்த பூட்டிலேயே பயாஸுக்குள் போய் யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்ற வேண்டும். சிஎஸ்எம் என்ற பழைய முறை ஆன் ஆகியிருந்தால் அதை ஆஃப் செய். இந்த வரிசை முக்கியம்: முதலில் டிஸ்க், பிறகு பயாஸ். டிஸ்க் எம்பிஆராக இருக்கும்போதே சிஎஸ்எம்மை ஆஃப் செய்தால் விண்டோஸ் எழாது. அப்படி நடந்துவிட்டால் பதறாதே. மறுபடி ஆன் செய்தால் பழையபடி வந்துவிடும்.

இப்போது ஓடுகிற விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திற. பயாஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று தெளிவாக இருக்கும்.

யூஇஎஃப்ஐ இல்லாத பழைய போர்டுக்கு

வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டாப். பயாஸ் மட்டும்தான். அதில் 4 டிபி டிஸ்க்கை என்ன செய்வது? அந்தப் பெரிய டிஸ்க்கிலிருந்துதான் பூட் ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடு, வழி சுலபம். ஒரு சின்ன எஸ்எஸ்டி, 256 ஜிபி போதும், வாங்கி எம்பிஆர் முறையில் ஓஎஸ்ஸை அதில் போடு. பெரிய டிஸ்க்கை டேட்டாவுக்காக ஜிபிடியாக மாற்றி மாட்டு. பூட் ஆவதற்குத்தான் யூஇஎஃப்ஐ தேவை. டேட்டா டிஸ்க்காக ஜிபிடியைப் படிக்க விஸ்டாவிலிருந்து எல்லா விண்டோஸுக்கும் தெரியும். சிப்செட் டிரைவர் பழையதாக இருந்து அளவைத் தப்பாகக் காட்டினால் மட்டும் புதுப்பித்துக்கொள்.

யூஇஎஃப்ஐ உள்ள புதுக் கம்ப்யூட்டருக்கும் அக்காவின் சிபாரிசு இதுவேதான். ஓஎஸ் எஸ்எஸ்டியில், சேமிப்பு பெரிய ஹார்ட் டிஸ்க்கில். அதிக கொள்ளளவு ஹார்ட் டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுபவை சில உண்டு. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், சின்னச் சின்னதாக இடைவிடாமல் எழுதும்போது அவை திணறும். ஓஎஸ் செய்வது அந்த வேலையைத்தான். ஓஎஸ்ஸைப் பிரித்து வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு: நாளைக்கு விண்டோஸ் கெட்டு மறுபடி போட்டாலும் போட்டோவும் வீடியோவும் தனி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்.

விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐயும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய போர்டை இன்னும் சில வருடம் ஓட்ட நினைத்தால் லினக்ஸைப் பார்.

லினக்ஸ் போடுகிறவர்களுக்கு

பழைய பயாஸ் போர்டிலும் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து லினக்ஸ் பூட் ஆகும். ஆனால் க்ரப் பூட்லோடர் உட்கார 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒன்று வேண்டும். அதற்கு ஃபைல் சிஸ்டம் எதுவும் போடக் கூடாது. இதை விட்டுவிட்டால் இன்ஸ்டால் கடைசிப் படியில் க்ரப் ஏறவில்லை என்று நிற்கும்.

இன்னொரு நுணுக்கம். சில பழைய பயாஸ்களால் 2 டிபிக்கு அப்பால் படிக்க முடியாது. முழு டிஸ்க்கையும் ஒரே பார்ட்டிஷனாகப் போட்டால் முதலில் நன்றாகத்தான் ஓடும். பிறகு ஒரு நாள் அப்டேட் வந்து, புது கெர்னல் ஃபைல் 2 டிபிக்கு அப்பால் போய் உட்கார்ந்தால், மறுநாள் பூட் ஆகாது. அதனால் பூட் ஃபோல்டருக்கு 1 ஜிபி அளவில் தனி பார்ட்டிஷனை டிஸ்க்கின் தொடக்கத்திலேயே போட்டுவிடு.

விண்டோஸோடு சேர்த்து லினக்ஸ் போடுவதென்றால் இரண்டையும் ஒரே முறையில் போடு. விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்றால் லினக்ஸும் யூஇஎஃப்ஐ. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்த பிறகே லினக்ஸில் அந்த பார்ட்டிஷன்களைத் திற.

பென் டிரைவ் தயாரிப்பு

விண்டோஸ் பென் டிரைவுக்கு மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் சுலபமான வழி. ரூஃபஸ் என்ற மென்பொருளில் செய்தால் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் ஜிபிடியும், டார்கெட் என்ற இடத்தில் யூஇஎஃப்ஐயும் இருக்கிறதா என்று பார். பழைய போர்டுக்கு மட்டும் எம்பிஆர், பயாஸ். ஐஎஸ்ஓவிலிருந்து ஃபைல்களைக் கையாலேயே பென் டிரைவுக்குக் காப்பி செய்யப் பார்த்தால் ஒரு முட்டுக்கட்டை வரும். ஃபாட்32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை வைக்க முடியாது; விண்டோஸின் முக்கிய இன்ஸ்டால் ஃபைல் பல ஐஎஸ்ஓக்களில் அதைவிடப் பெரியது. ரூஃபஸ் இதைத் தானே சமாளித்துக்கொள்ளும்.

பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க்

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து டெஸ்க்டாப்புக்குள் மாட்டுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை.

முதலாவது, உள்ளே மாட்டியதும் டிஸ்க் காலியாகத் தெரியலாம். இனிஷியலைஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடு. சில யூஎஸ்பி பெட்டிகள் 512 பைட் செக்டாரை 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். பெட்டி இல்லாமல் போனால் அட்டவணைக் கணக்கு ஒத்துப்போகாது. மறுபடி அதே பெட்டியில் போடு, ஃபைல் எல்லாம் வந்து நிற்கும். அவற்றை வேறிடம் மாற்றிவிட்டு, பிறகு உள்ளே மாட்டி ஜிபிடியாக்கு.

இரண்டாவது, டிஸ்க் சுழலவே இல்லை என்றால் செத்துவிட்டது என்று எண்ணாதே. சில பெரிய டிஸ்க்குகளில் சாட்டா பவரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க்கை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு உண்டு. பழைய பவர் சப்ளை அந்த 3.3 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளில் அந்த வோல்ட் கிடையாது என்பதால் அது வேலை செய்யும். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடிய மலிவான கேபிள் தீப்பிடிக்கக் கூடியது. ஒயர்கள் வெளியே தெரியும்படி அழுத்திப் பொருத்திய வகையைக் கேட்டு வாங்கு.

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று பார்த்தால் தொடாதே. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து அளவை மட்டும் பொய்யாகக் காட்டும் போலிகள் அவை. சந்தேகமான டிரைவ் கையில் இருந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதி. காலி டிரைவில் மட்டும் செய்.

ஏறி முடிந்த பிறகு

முதல் ரீஸ்டார்ட்டில் பென் டிரைவைப் பிடுங்கிவிடு. இல்லாவிட்டால் இன்ஸ்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுபோல் தோன்றும். பயாஸின் பூட் வரிசையில் டிஸ்க்கின் பெயரை வைக்காமல் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற வரியை முதலில் வை. கழற்றிய மற்ற டிஸ்க்குகளை இப்போது ஒவ்வொன்றாக மாட்டு. ஒன்றை மாட்டியதும் கம்ப்யூட்டர் சரியாக எழுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போ. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து மொத்த அளவும் வந்திருக்கிறதா என்று சரிபார்.

யூஇஎஃப்ஐயா பயாஸா, ஜிபிடியா எம்பிஆரா, விஎம்டி ஆனா ஆஃபா, பிட்லாக்கர் கீ என்ன என்பதை ஒரு தாளில் எழுதி கம்ப்யூட்டர் பில்லோடு சேர்த்து வை. கேபினெட் மேல் ஒட்டிவிடாதே. கீ யார் கண்ணிலும் படக்கூடாது. அடுத்த முறை கோளாறு வந்து கடைக்குக் கொண்டு போனால், கீயைத் தவிர மற்ற விவரங்களை அவர்களிடம் சொல். டிஸ்க்கைத் தொடும் முன் உள்ளே டேட்டா இருக்கிறது என்பதையும் சொல்லி, பில்லில் எழுதி வாங்கிக்கொள். கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே ஃபார்மட் பண்ணணும் என்றால், எதனால் என்று கேள். போர்டு எந்த முறை, டிஸ்க் எந்த முறை, பென் டிரைவ் எந்த முறை என்ற மூன்று கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தால் டிஸ்க்கைக் கொடு. இல்லாவிட்டால் வீட்டுக்கு எடுத்து வா. அந்த மூன்றையும் பார்க்க உனக்கே தெரியும்.